எங்கள் வகுப்பின் எதிர்க்கட்சி

அவளோடு சண்டை போட்டு ஜெயித்தவர்கள் கிடையாது. ஏனென்றால் அவள் சண்டையைத் தொடங்கவே விடமாட்டாள். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரில் போய் நின்றால், "இரு, நீ இன்னா சொல்ல வர்றன்னு நான் சொல்றேன். சரியா கீதான்னு பாரு" என்பாள். சொல்லவும் சொல்வாள். நாம் நினைத்ததை, நினைக்காமல் விட்டதையும் சேர்த்து, நம்மைவிட ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டு, "இவ்ளோதானா, இன்னும் எதுனா கீதா?" என்று கேட்பாள். அதற்கு மேல் யாருக்குக் கோபம் வரும்? எனக்கு வரும். எனக்கு மட்டும்தான் வரும்.

திருவொற்றியூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ப்ளஸ் ஒன்னில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. நான் தேரடிப் பக்கம், நடந்தே வந்துவிடுவேன். அவள் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நாளில் முதல் பீரியட் பாதியில்தான் வந்து சேருவாள். இங்கே அவள் பெயரைப் போடப் போவதில்லை. போடலாமா என்று அவளையே கேட்டால் போடலாம் என்பதற்கு நாலு காரணம், கூடாது என்பதற்கு நாலு காரணம் அடுக்கிவிட்டுப் போய்விடுவாள். வகுப்பில் நாங்கள் வைத்த பெயர் 'எதிர்க்கட்சி'. அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

நான் அவளை முதலில் பார்த்தது குரூப் பிரிக்கிற அன்றைக்கு. பத்தாவது ரிசல்ட் வந்து, ஹாலில் அம்மா அப்பாக்களோடு வரிசையில் நிற்கிறோம். மேஜைக்குப் பின்னால் எச்.எம். மிஸ். ஃபர்ஸ்ட் குரூப் என்றால் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி. எங்கள் ஸ்கூலில் ஒரே ஒரு செக்‌ஷன். அதில் சீட்டு வாங்கினவள் தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே போவாள், மற்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு போவார்கள்.

எனக்கு முன்னால் அவளும் அவள் அம்மாவும். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். கூடையை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார், வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. மார்க் ஷீட்டைப் பார்த்த எச்.எம். மிஸ் கொஞ்சம் யோசித்தார்.

"மார்க் இருக்கு. ஆனாலும் ஃபர்ஸ்ட் குரூப் வேணாம்மா. தொழிற்பிரிவு எடுத்துக்கோ. டைப்பிங் கத்துக்கிட்டு ரெண்டு வருஷத்துல ஒரு வேலைக்குப் போயிடலாம்."

வேறு யாராவதாக இருந்தால் அழுதிருப்பார்கள். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். இவள் தலையை ஆட்டினாள்.

"நீங்க சொல்றதுல ஞாயம் கீது மிஸ். எங்க குப்பத்துலேர்ந்து எனக்கு முன்னாடி ரெண்டு அக்கா ஃபர்ஸ்ட் குரூப் சேர்ந்தாங்க. ஒருத்தங்க பாதியில நின்னுட்டாங்க. ஒருத்தங்க ஃபெயிலு. நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இங்க எல்லாம் இங்கிலீஷு. டியூஷன் போவ வழி கிடையாது. நான் ஃபெயிலானா ஸ்கூல் ரிசல்ட்டு கொறையும். வேற ஒரு பொண்ணுக்குப் போவேண்டிய சீட்டும் வீணாப் பூடும்."

"அதைத்தான்மா நானும் சொல்றேன்."

"ஒண்ணு வுட்டுட்டீங்க மிஸ். மழ வந்தா எங்க பக்கம் பஸ்ஸு வராது. வருஷத்துக்குப் பத்து நாளாவது லீவு ஆயிடும்."

எச்.எம். மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு அப்புறம் எதுக்குக் கேக்கறே?"

"தெரியாம சேர்ந்தவங்கதான் மிஸ் நின்னு போனாங்க. நான் தெரிஞ்சுதான் கேக்கறேன்."

ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற என் நைனா என் காதோரம் குனிந்து, "யாரும்மா இது, வக்கீலா?" என்றார்.

சீட்டு கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. காலாண்டுப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆக வேண்டும். ஒன்றில் போனாலும் மறுபேச்சு பேசாமல் தொழிற்பிரிவுக்குப் போய்விட வேண்டும். "சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதம் மிஸ்" என்றாள். அவள் அம்மா எச்.எம். மிஸ்ஸைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்தப் பேச்சு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கண்டுபிடித்தது மார்க்கெட்டில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவோடு மீன் வாங்கப் போனேன். அவள் அம்மா வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டி, "இது நேத்து மீனு தாயி. ஐஸ்ல இருந்துது. கண்ணு மங்கிக்கீது, நீயே பாரு. வறுக்கறதுக்கு எடுக்காத. கொழம்புக்குன்னா சொல்லு, தர்றேன்" என்றார். பக்கத்தில் எல்லாரும் 'உசிரு மீனு, உசிரு மீனு' என்று கூவிக்கொண்டிருக்கிறார்கள். இவர் தன் மீனின் குறையைத் தானே முதலில் சொல்கிறார். என் அம்மா அன்றிலிருந்து வேறு யாரிடமும் மீன் வாங்கவில்லை.

பஸ்ஸிலும் இதே கதைதான். ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, எண்ணூரில் இருக்கிற என் அத்தை வீட்டுக்கு அவளோடு பஸ் ஏறினேன். ஸ்கூலில் எல்லாருக்கும் கொடுத்த பாஸ் நடந்து வருகிற என்னிடமும் இருந்தது. லீவு நாளில் ஸ்கூல் பாஸ் செல்லாது என்றார் கண்டக்டர். நான் வழக்கம்போல எகிறினேன். "எங்கள எறக்கி வுட்ருவீங்களா? எறக்குங்க பாக்கலாம்!" அவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். இவள் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"அண்ணே, நீங்க சொல்றதுதான் ரூலு. செக்கிங் ஏறினா எங்களுக்கு ஒண்ணியும் ஆவாது, உங்களுக்குத்தான் மெமோ. உங்க மேல தப்பு கிடையாது."

"அத்த சொல்லும்மா! இந்தப் பொண்ணுக்குச் சொல்லு!"

"ஸ்பெஷல் கிளாஸுன்னு மிஸ் எழுதிக் கொடுத்த லெட்டரு கீது. நீங்களே வச்சிக்கோங்க. செக்கிங் வந்தா காட்டுங்க."

அவளுக்குப் பாஸ் செல்லுபடியானது. லெட்டரில் என் பெயரும் இருந்தது, ஆனால் எகிறினதற்குத் தண்டனையாக எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார். இறங்குகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள் பாவி.

இப்படிப்பட்டவளைத்தான் எங்கள் தமிழ் மிஸ் விவாதப் போட்டிக்கு எனக்கு ஜோடியாகப் போட்டார். பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. ஒரு தலைப்பு, இரண்டு பள்ளிகள், எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பது சீட்டுக் குலுக்கல். பள்ளிக்கு இருவர், ஆளுக்கு ஐந்து நிமிடம். எனக்குக் கப்பு வேண்டும். பெரம்பூரில் என் பெரியப்பா வீட்டு ஷோகேஸில் அவர் மகள் வாங்கின கப்புகள் ஆறு இருந்தன. ஒவ்வொரு பொங்கலுக்கும் பெரியம்மா அவற்றை எங்கள் முன்னால்தான் துடைப்பார். அந்த எரிச்சல் போதாதா ஒருத்தியைப் பேச்சாளர் ஆக்க?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிராக்டிஸ். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் கருவாட்டுத் தொக்கு வாசனைக்கு பாதி வகுப்பு மூக்கைப் பொத்தும், மீதிப் பாதி கையை நீட்டும். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் முதலில் நமக்குப் பிடிக்காத பக்கத்தைத்தான் பேச வேண்டும் என்பது அவள் சட்டம். பெண்கள் வேலைக்குப் போகலாமா என்று ஒரு தலைப்பு. கூடாது என்று என்னை மூன்று நாள் பேசவைத்தாள். மூன்றாம் நாள் எனக்கே நம்பிக்கை வர ஆரம்பித்துவிட்டது.

"நீ யாரு பக்கம்டி?" என்று கத்தினேன்.

"உன் பக்கந்தான். அவங்க இன்னா சொல்வாங்கன்னு தெரியாம நீ போய் நின்னா பேஜாராப் பூடும்மே."

அரையிறுதி வரைக்கும் அவள் சட்டம்தான் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது, ஒத்துக்கொள்கிறேன். எதிரணி வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் சொல்ல வேண்டியதை இவள் சொல்லிவிடுவாள். அந்தப் பிள்ளைகள் கையில் பேப்பரோடு முழிப்பார்கள்.

இறுதிப் போட்டி ஊரின் அந்தக் கோடியில், பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில். மேலே ஃபேன் எல்லாம் சத்தமே இல்லாமல் ஓடியது. காலாண்டுப் பரீட்சை முடிந்து நாலாம் நாள், ரிசல்ட் இன்னும் வரவில்லை. நைனா லீவு போட்டுவிட்டு, அயர்ன் பண்ணின சட்டையோடு வந்திருந்தார். தலைப்பு, 'வட சென்னைக்குத் தொழிற்சாலைகளால் நன்மையா தீமையா'. சீட்டில் எங்களுக்கு 'தீமை' வந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. முகத்துவாரத்துக்காரி பேசப்போகிறாள், எதிரில் இருப்பதோ பீச்சில் மட்டும் கடலைப் பார்த்த பிள்ளைகள். கப்பு நமக்குத்தான்.

நான் முதலில் பேசினேன். புகை, தூசி, இருமல் என்று கொளுத்தினேன். கைதட்டல். பிறகு அவள் எழுந்தாள்.

"முதலில் எதிரணியினர் கட்சியைச் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தாள். "எங்கள் சித்தப்பா கம்பெனியில்தான் காண்டிராக்ட் வேலை பார்க்கிறார், மாதம் பிறந்தால் சம்பளம், கடலுக்குப் போகிற எங்கள் அப்பாவுக்கு அது கிடையாது. எங்கள் குப்பத்துக்குத் தார் ரோடு வந்தது கம்பெனி வந்ததால்தான். நான் இந்தப் பேச்சை எழுதினது எங்கள் வீட்டு லைட் வெளிச்சத்தில், அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, எங்கள் பக்கத்து அனல் மின் நிலையத்திலிருந்துதானே?" இப்படியே போகிறாள். எதிரணிப் பிள்ளைகள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். நான் கீழே இருந்து கையைக் காட்டுகிறேன், கண்ணைக் காட்டுகிறேன், காலால் பெஞ்சை உதைக்கிறேன். ஊஹூம். நாலாவது நிமிட மணி அடித்தது. அப்புறமும் கொஞ்ச நேரம் அவர்கள் கட்சிதான்.

"இப்போது எங்கள் கட்சி" என்றாள் கடைசியில். "எங்க அப்பா வலையில..."

கடைசி மணி அடித்தது. மற்ற எல்லாரும் மணிக்குப் பிறகும் அரை நிமிடம் இழுத்துத்தான் முடித்தார்கள். இவள் அந்த இடத்திலேயே நிறுத்தி, வணக்கம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

கப்பு அவர்களுக்கு. நடுவர் சிரித்துக்கொண்டே, "தீமை அணியில் இரண்டாவதாகப் பேசிய மாணவி நன்மை அணிக்குப் பேருதவி செய்தார்" என்று சொல்ல, அரங்கமே சிரித்தது. நைனாகூடச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்ததும் இருமினார்.

திருவொற்றியூரில் இறங்கி, நைனாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளுக்கு எண்ணூர் பஸ் வருகிற ஸ்டாப்பில் வைத்து நான் வெடித்தேன். என்னென்னவோ சொன்னேன், எல்லாம் ஞாபகமில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. "சொத்தைய மொதல்ல காட்டி வியாபாரம் பண்றதுக்கு இது ஒண்ணும் உங்கம்மா மீன் கூடை இல்லடி! குப்பத்து புத்தி உன்னை வுட்டுப் போவாது!"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதானே.

அவள் ரோட்டில் நின்ற லாரிகளைப் பார்த்தாள். அப்புறம், "நீ சொல்றதுல ஞாயம் கீது" என்றாள். "ஒரு மாசமா தொண்ட கட்டிப் பேசிகினு இருந்த. உங்க நைனா லீவு போட்டு வந்தாரு. பெரியப்பா வூட்டுல போய் கப்ப காட்டணும்னு உனக்கு ஆச. நான் அவங்க கட்சிய ஒரு நிமிஷம் கம்மியா பேசியிருந்தா ஜெயிச்சிருப்போம். இவ்ளோதானா, இன்னும் எதுனா கீதா?"

அவள் கட்சியை அவள் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஒரே பெஞ்சில், நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம்தான் கெமிஸ்ட்ரி பேப்பர் கொடுத்தார்கள். அவளுக்குப் பாஸ் மார்க்குக்குப் பதினெட்டு குறைவு. மற்றதெல்லாம் பாஸ், இது ஒன்றில் போய்விட்டது. பேப்பரை நாலாக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தாள். மத்தியானம் நோட்டெல்லாம் எடுத்துப் பையில் போட ஆரம்பித்தாள்.

"எங்கடி போற?" பேசக்கூடாது என்கிற வைராக்கியம் அந்த நேரத்தில் மறந்துபோய்விட்டது.

"தொழிற்பிரிவுக்கு. சம்மதம்னு சொன்னேனே."

"போய் எச்.எம். மிஸ்கிட்ட பேசு! உனக்குப் பேசத் தெரியாதா?"

"மிஸ் கட்சிதான் சரி. நான் இன்னாத்த பேசறது?"

ஐயோ, இந்தப் பெண்ணை என்ன செய்வது? ஊரில் உள்ள அத்தனை பேர் கட்சியையும் பேசுவாள், தன் கட்சி என்று வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். அவள் பையைப் பிடுங்கி பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, நானே எச்.எம். ரூமுக்குப் போனேன்.

போகிற வழியெல்லாம் கத்துவதற்குத்தான் தயார் பண்ணிக்கொண்டு போனேன். கதவருகில் போனதும் பயம் வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் அவள் வழியையே பிடித்தேன்.

"மிஸ், நீங்க சொன்னது சரிதான். ஒரு சப்ஜெக்ட்ல போனாலும் மாறணும்னு அவளும் ஒத்துக்கிட்டா. அவளுக்கு விட்டுக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து கேப்பாங்க." நான் பேசுவது எனக்கே விநோதமாக இருந்தது. எச்.எம். மிஸ் ஃபைலை மூடிவிட்டுக் கேட்டார். "ஆனா அவ ஃபெயிலானது எங்களாலதான் மிஸ். டிபேட் டிபேட்னு ஒரு மாசமா அவளைப் படிக்கவிடல. ஸ்கூலுக்காகத்தான பேசினா? அரையாண்டு வரைக்கும் டைம் கொடுங்க மிஸ்."

எச்.எம். மிஸ் யோசிக்கிறார். தலை லேசாக ஆடுகிறது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் பின்னால் குரல் கேட்டது.

"மிஸ், இவ ஒண்ணு வுட்டுட்டா."

வாசலில் நிற்கிறாள், எதிர்க்கட்சி. போடி போடி என்று முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டினேன். உள்ளே வந்துவிட்டாள்.

"டிபேட்டால இல்ல மிஸ். டைம் கீது, படிச்சேன். எனக்கு கெமிஸ்ட்ரி புரியல. மொத நாள்லேர்ந்தே புரியல. 'புரிஞ்சுதா'ன்னு மிஸ் கேப்பாங்க, எல்லாரும் 'புரிஞ்சுது மிஸ்'னு சொல்வாங்க, நானும் சொல்லிடுவேன்."

இருந்த ஒரே வாய்ப்பையும் கெடுத்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எச்.எம். மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "புரியலைன்னா எதுக்கும்மா உனக்கு இந்த குரூப்? மத்தவங்க கட்சி எல்லாம் சொல்றியே, உன் கட்சி என்ன? அதைச் சொல்லு."

மணி அடிக்க அங்கே யாரும் இல்லை. அப்படியும் அவள் பாவாடையைப் பிடித்துக் கசக்கினாள்.

"எங்க அப்பா வலையில மீனு கொறஞ்சுகினே வருது மிஸ். வலைய இழுத்தா சாம்பலாட்டம் சேறு ஒட்டிகினு வருது. அத்த கழுவி கழுவி அம்மா கையெல்லாம் புண்ணு. முகத்துவாரத்துல சில நாளு தண்ணி சுடுது. அதுல இன்னா கலந்து கீதுன்னு அப்பா கேக்காத ஆளு இல்ல. 'உனக்குச் சொன்னா புரியாதுய்யா, அதெல்லாம் கெமிஸ்ட்ரி'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதான் மிஸ். அந்தக் கெமிஸ்ட்ரி எனக்குத் தெரியணும்."

போட்டியில் பாதியில் நின்ற வாக்கியம் இதுதான் என்று எனக்கு உறைத்தது. இது மட்டும் அன்றைக்கு மணிக்கு முன்னால் வந்திருந்தால், கப்பு என்ன, அந்த நடுவர் எழுந்து நின்றிருப்பார். எச்.எம். மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பினபடியே, "அரையாண்டு வரைக்கும்" என்றார். "அதுக்கு மேல நீ என் கட்சி பேச வேணாம், நானே பேசிக்கறேன். போ, கிளாஸுக்குப் போ."

மறுநாள் கெமிஸ்ட்ரி கிளாஸ். போர்டு நிறைய ஈக்வேஷன் எழுதி முடித்து, மிஸ் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டே, "புரிஞ்சுதா?" என்றார்.

"புரிஞ்சுது மிஸ்!" அறுபது பேர், ஒரே ராகம்.

"புரியல மிஸ்" என்று எழுந்து நின்றாள் அவள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் உட்காரவில்லை. சரி, என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் கெமிஸ்ட்ரியில் பாஸ்தான், ஆனால் ஒரு எழுத்து புரிந்து எழுதினவள் இல்லை. முற்றுப்புள்ளி உட்பட மனப்பாடம். நானும் எழுந்து, "எனக்கும் புரியல மிஸ்" என்றேன். பின் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். ஜன்னலோரம் இரண்டு பேர். பிறகு டெஸ்க், பெஞ்சு எல்லாம் கிறீச்சென்று சத்தம், எண்ணிப் பார்க்க முடியவில்லை. வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவளும் நின்றாள்.

மிஸ் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். நல்ல மனுஷி அவர். போர்டை முழுதாக அழித்துவிட்டு, முதல் பாடத்தின் முதல் வரியிலிருந்து, தமிழில் ஆரம்பித்தார்.

அரையாண்டில் அவள் கெமிஸ்ட்ரியில் என்னைவிட ஒன்பது மார்க் அதிகம். எச்.எம். மிஸ் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்ப என்ன சொல்றே?" என்று கேட்டாராம். "மொதல்ல உங்க கட்சிய சொல்லட்டா மிஸ்?" என்றாளாம். அந்த எச்.எம். மிஸ் சிரித்ததை அன்றைக்குத்தான் ஆபீஸில் வேலை செய்கிற அம்மா பார்த்தார்களாம்.

ப்ளஸ் டூ முடித்து அவள் கெமிஸ்ட்ரி படிக்கப் போனாள். அத்தனை அடித்துப் பிடித்து ஃபர்ஸ்ட் குரூப் வாங்கின நான் பி.காம். போய்ச் சேர்ந்தேன். ஊர் மாறி, போன் நம்பர் மாறி, தொடர்பு விட்டுப்போனது. ஆபீஸில் யாரோடாவது சண்டைக்குப் போகும்போது இன்றைக்கும் அவள் ஞாபகம் வரும். வந்தும் பிரயோசனமில்லை, சண்டையைப் போட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த பஸ் ஸ்டாப்பில் அவள் அம்மாவையும் குப்பத்தையும் இழுத்து நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டதே இல்லை. அதன்பிறகு ஒன்றரை வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தொக்கைச் சாப்பிட்டேன், கேட்கவில்லை. எனக்கும் ஒரு கட்சி இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினாறு வயசு, தோற்ற ஆத்திரம், பெரியம்மா துடைக்கிற கப்பு, இப்படி. அதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் அவள் கட்சியைச் சொல்லிவிடுவோம் என்று ஆரம்பித்தேன். சொல்லி முடித்த பிறகு என் கட்சிக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நான் சொன்னது தப்பு. சரியாகச் சொல்லியிருக்கிறேனா, இன்னும் எதையாவது விட்டுவிட்டேனா என்று அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.